வளாகத்தில் மனித உரிமைக் குழு நடத்துவோருக்கு: ஒரு மாதத் தவணையும் ஒழுங்கான எழுத்தும்

அடிப்படை உரிமை மீறல் மனுவை இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, சம்பவம் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான் தவணை. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. அந்த மாதத்துக்குள் நடந்ததை ஒழுங்காக எழுதி, உரிய இடத்தில் சேர்ப்பிக்க உதவுவதுதான் மாணவர் குழு ஒன்றின் முதல் வேலை. கவனயீர்ப்பும் கருத்தரங்கும் அதற்குப் பிறகு வரட்டும்.

குழுவுக்கு ஏழு பேர் போதும். அதில் மூவராவது பெண்களாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் இருப்பவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன, அங்கு நடப்பது இங்கு தெரியவரும்போது பாதி மாதம் போய்விடும். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவர் கட்டாயம். இரண்டு பக்க யாப்பு, விரிவுரையாளர் ஒருவர் பெரும் பொருளாளராக, பல்கலைக்கழகப் பதிவு. இவை முடிந்தால் அறையும் மண்டபமும் கேட்கலாம். வெளி நிறுவனப் பணத்தை முதல் வருடத்தில் தொடாதீர்கள். தாளுக்கும் பஸ் காசுக்கும் அங்கத்துவப் பணமே போதும்.

இனி முறைப்பாடு எழுதுவது. கன்ரீனில் வைத்துக் கேட்காதீர்கள், கதவு சாத்தக்கூடிய அறை தேவை. ஒருவர் கேட்க, மற்றவர் எழுத வேண்டும். முறைப்பாட்டாளர் பெண் என்றால் கேட்பவரும் பெண்ணாக இருக்கட்டும். முதல் தாளில் பெயர், முகவரி, தொலைபேசி, கையொப்பம். இரண்டாம் தாளிலிருந்து நடந்தது மட்டும். அதில் பெயருக்குப் பதிலாக முறைப்பாட்டு இலக்கம். கரித்தாள் வைத்து எழுதினால் இரண்டு பிரதி கிடைக்கும்: மூலம் முறைப்பாட்டாளருக்கு, பிரதி குழுவுக்கு. பெயர்த் தாளைக் குழுவின் முறைப்பாட்டுக் கோவையோடு வைக்காமல், உங்களுக்கு உதவும் சட்டத்தரணியிடம் கொடுத்துவையுங்கள்.

எழுதும்போது மூன்றைப் பிரித்துக் காட்டுங்கள்: தானே கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, தன் ஊகம். 'பொலிசார் அடித்தார்கள்' என்பது போதாது. எத்தனை மணி, எந்தச் சந்தி, எத்தனை பேர், சீருடையா சிவிலா, வாகன இலக்கம், கையால் அடித்தார்களா பொல்லாலா, உடம்பில் எந்த இடம். சொன்னவரின் வார்த்தையிலேயே எழுதுங்கள். சட்டம் படிக்கும் பிள்ளைகள் அதைச் சட்ட மொழிக்கு மாற்றிவிடுகிறார்கள். பிறகு குறுக்கு விசாரணையில் முறைப்பாட்டாளர் தன் வாக்குமூலத்தையே அடையாளம் காணமாட்டார். முடிந்ததும் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். காயம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்க வையுங்கள். கண்டல் காயம் சில நாளில் மறைந்துவிடும்.

பிறகு சீ.ஆர். கொப்பி ஒன்றில் இலக்கம், சம்பவத் திகதி, ஒரு மாதம் முடியும் திகதி மூன்றையும் பதிந்து, கடைசித் திகதியைச் சிவப்பில் எழுதுங்கள். அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் தவணையில் சேராது. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறையிட்ட பற்றுச்சீட்டை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. விசாரணை உண்மையாக நடக்கிறது என்பதற்கு நீதிமன்றம் சான்று கேட்டிருக்கிறது. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் யாராவது கைதானால், ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டியது கைது செய்தவர்களின் கடமை. அறிவித்தார்களா என்று நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

126 ஆம் உறுப்புரை அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு மட்டும்தான். நுண்கடன் கொம்பனி வீட்டுக்கு வந்து மிரட்டினால் வழி வேறு. ஆவணம்தான் தேவை என்றால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும்: காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 48 மணித்தியாலம். பல்கலைக்கழகமும் இதற்குக் கட்டுப்பட்டதே.

பகிடிவதை (ராகிங்) முறைப்பாட்டில்தான் குழுக்கள் உடைகின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் குழுவில் ஒருவரின் பச் நண்பராக, அதாவது ஒரே வருடத்தில் படிப்பவராக இருப்பார். 'உள்ளே பேசித் தீர்ப்போம்' என்பார்கள். அந்த நண்பர் அந்த முறைப்பாட்டிலிருந்து விலக வேண்டும் என்று யாப்பிலேயே எழுதிவிடுங்கள். 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். வெளியே படையினரைக் கேள்வி கேட்டுவிட்டு விடுதிக்குள் கண்ணை மூடிக்கொள்ளும் குழுவை முதலாம் வருடப் பிள்ளை எப்படி நம்பும்?

எல்லாத் தரப்பின் மீறலையும் ஒரே அளவுகோலால் பதிய வேண்டும் என்பது இந்த வளாகத்துக்குப் புதிதல்ல. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை அரசு, இந்தியப் படை, ஆயுத இயக்கங்கள் என்று எவரையும் விடாமல் பதிந்தது. அதில் முன்னின்ற உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் போகும்போது வெறுங்கொப்பியோடு போய் முதலிலிருந்து கேட்காதீர்கள். எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கு அவர்கள் அதையே சொல்லி அழுதுவிட்டார்கள். கையில் உள்ள கடிதங்களைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பொலிஸ், செஞ்சிலுவைக் குழு, காணாமல் போனோர் அலுவலகம் ஆகியவற்றின் இலக்கங்களைத் திகதி வரிசையில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். 'கண்டுபிடித்துத் தருவோம்' என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள்.

முறைப்பாட்டாளரின் பெயரோ படமோ வாட்ஸ்அப் குழுவில் போகக்கூடாது. 2019 மே மாதம் மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும், ஒன்றிய அறையில் நடந்த தேடுதலில் அகப்பட்ட புலிகளின் தலைவர் பிரபாகரனின் படத்தை முன்னிட்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். அறையில் என்ன கோவை, என்ன படம், எந்தக் கணினி இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை இருவர் சேர்ந்து பார்த்துப் பட்டியலிடுங்கள்.

இறுதி வருடப் பிள்ளைகள் பரீட்சையோடு போய்விடுவார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே, முடியாத முறைப்பாடு ஒவ்வொன்றுக்கும் அடுத்த பொறுப்பாளரை நியமித்து, முறைப்பாட்டாளரிடம் நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்துவையுங்கள். அலுமாரிச் சாவியை அதன் பிறகு கொடுக்கலாம்.