ஈஸ்டர் அதிகாலை ஆராதனை: இருட்டை வீணாக்காதீர்கள்

லெந்து என்னும் தவக்கால நாட்கள் பாதி ஓடியதும், சபைச் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் ஈஸ்டருக்குப் பட்டியல் போடுவார்கள். பூ, பந்தல், சிற்றுண்டி எல்லாம் அதில் இருக்கும். அவை எப்படியும் நடந்துவிடும். நம் லுத்தரன் சபைகள் ஆண்டுதோறும் சறுக்கும் இடங்கள் வேறு.

போன வருஷ நேரத்தையே போடுவது

பெரிய தவறு இதுதான். ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். தரங்கம்பாடிப் பக்கம் 2024-இல், மார்ச் 31 அன்று, சூரியன் உதித்தது சுமார் 6.08-க்கு, 2025-இல், ஏப்ரல் 20 அன்று, சுமார் 5.57-க்கு. பதினோரு நிமிடம்தானே என்பார்கள். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே ஆள் முகம் தெரிகிற அளவுக்கு வெளுத்துவிடும். அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆலயத்துக்கு மெழுகுவர்த்திப் பவனியே நடக்க வேண்டும்.

ஐந்தரைக்கு அழைத்த சபைகளைப் பார்த்தால் தெரியும். ஐயர் (சபையின் போதகர்) “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று சொல்லும்போது காக்கை கரைந்துகொண்டிருக்கும். இருநூறு கைகளில் எரியும் சுடரில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. யோவான் 20-இல் மகதலேனா மரியாள் வந்தது இருட்டோடே. 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட்டில் மொராவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் கல்லறைத் தோட்டத்தில் கூடியதும் விடியுமுன்தான். அந்த இருட்டு போனால் ஆராதனையில் பாதி போயிற்று.

நாள்காட்டியில் உதய நேரத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வெளுக்குமுன், அதாவது உதயத்துக்கு 20 நிமிடம் முன்பே, பவனி ஆலய வாசலை எட்ட வேண்டும். பவனிக்கு 10, வர்த்தி ஏற்ற 5, கல்லறையில் ஞானப்பாட்டு, வாசிப்பு, ஜெபத்துக்கு 20. ஆக உதயத்துக்கு 55 நிமிடம் முன்பு முதல் பாட்டு எழும்ப வேண்டும். அழைப்பில் இன்னும் கால் மணி முன்னதாகப் போடுங்கள். பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவருகிறவர்கள் அந்தக் கால் மணியில்தான் வந்து சேர்வார்கள்.

வர்த்திக்கு ஐந்து நிமிடம் போதுமா? ஒரே சுடரிலிருந்து வரிசையாக 200 பேருக்குப் போனால், ஆளுக்கு நாலு விநாடி என்றாலும் 13 நிமிடம் ஆகும். நாலு பேர் நாலு பக்கமும் பிரிந்து கொளுத்தினால் மூன்றரை நிமிடம். எரிகிற வர்த்தி நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஏற்றாத வர்த்திதான் சாய்ந்து சுடரிடம் போக வேண்டும். மாற்றிச் செய்தால் மெழுகு பக்கத்திலிருப்பவர் கையில் கொட்டும். எட்டு சென்டிமீட்டர் அட்டையின் நடுவில் பிளேடால் கூட்டல் குறி கீறி வர்த்தியைச் செருகுங்கள், இறுக்கிப் பிடிக்கும். வட்டமாக ஓட்டை போட்டால் இடுக்கு வழியே மெழுகு விரலுக்கு இறங்கும். பிளாஸ்டிக் கப் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

திருவிருந்துக்குச் சாதாரண ஞாயிறின் கணக்கு

ஈஸ்டருக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். திருவிருந்தில் ஆளுக்கொரு தனிக் கிண்ணத்தில் 10 மில்லி திராட்சரசம் ஊற்றினால் 750 மில்லி புட்டி 75 பேருக்குத்தான். பாதியில் தீர்ந்து புதுப் புட்டி திறந்தால், திருவிருந்தை ஏற்படுத்திய வார்த்தைகளை ஐயர் அதன்மேல் மறுபடி சொல்ல வேண்டும்; பரபரப்பில் இதை மறந்துவிடுகிறார்கள். மீந்ததை வாஷ்பேசினில் ஊற்றுவது அதைவிட வேதனை. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே உண்டு என்று 1529-இல் மார்பர்க்கில் லுத்தர், சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்ளியிடம் விட்டுக்கொடுக்காமல் நின்றார். அந்தச் சபைக்கு இது தகாது. பீடத்தருகிலேயே பருகி முடித்துவிடுங்கள்.

சனி மாலை கல்லறைக்குச் சுண்ணாம்பு

ஈரம் காயாது, விடிந்தால் அத்தனையும் புடவையில் ஒட்டியிருக்கும். புதன்கிழமையே அடித்துவிடுங்கள்.

பெரிய வெள்ளியின் கறுப்புத் துணி

சனி இரவே பீடத்திலிருந்து அதை எடுத்துவிட்டு வெள்ளை விரிக்கவும்.

ஞாயிறோடு முடிப்பது

ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள். திங்கட்கிழமையே அந்த வெள்ளைத் துணியை மடித்து அலமாரியில் வைக்காதீர்கள்.