சிறிய பை-இன் போக்கர் டோர்னமென்ட்: மேஜையின் தரம் மாற மாற ஆட்டத்தை மாற்றுவது எப்படி

ஆன்லைனில் 1 டாலர், 3 டாலர் நுழைவுத்தொகை (பை-இன்) கட்டி நோ-லிமிட் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேஜையில் ஐந்து பொதுச் சீட்டு கொண்ட போக்கர்) டோர்னமென்ட் ஆடத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "இங்கே ஆடுகிறவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள்?" என்பதுதான். எந்த நேரத்தில், எவ்வளவு சிப்போடு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பேன் நான். ஒரே டோர்னமென்ட்டில் முதல் அரை மணியில் எதிரே இருப்பவர்கள் ஒரு ரகம், பரிசு எல்லை நெருங்கும்போது இருப்பவர்கள் வேறு ரகம். அதே ஆளே கூட வேறு மாதிரி ஆடுவார்.

முதல் கட்டத்தில் எல்லோரிடமும் 100 பிக் பிளைண்டாவது (சீட்டு வருமுன் கட்டாயமாக வைக்கும் இரண்டு பந்தயங்களில் பெரியது; சிப்பை அதை வைத்தே எண்ணுவோம்) இருக்கும். இங்கே பலருக்கு ஃப்ளாப்பை (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டை) பார்த்தே ஆக வேண்டும். லிம்ப் அடிப்பார்கள் (பிக் பிளைண்ட் அளவு மட்டும் வைத்து நுழைவார்கள்), ரெய்ஸ் (பந்தய உயர்வு) வந்தாலும் விடமாட்டார்கள். அதனால் இங்கே பிளஃப்பை (நல்ல சீட்டு இல்லாமல் பந்தயம் வைத்து மிரட்டுவதை) மூட்டை கட்டி வையுங்கள். நல்ல கை வந்தால் பெரிதாகப் பந்தயம் வையுங்கள், அது போதும்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். பிளைண்ட் 50/100, எல்லோரிடமும் 10,000. மூன்று பேர் லிம்ப், பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) உங்களிடம் ஏஸ்-கிங். வழக்கமான 250 இங்கே யாரையும் அசைக்காது, 700 வையுங்கள். இரண்டு பேர் கால் செய்கிறார்கள் (அதே தொகையைக் கட்டுகிறார்கள்), பாட் (நடுவில் குவிந்த மொத்தப் பந்தயம்) 2,350. ஃப்ளாப்பில் கிங், 8, 4. உங்கள் முறை வரும்வரை இருவரும் செக், அதாவது பந்தயம் வைக்கவில்லை. 1,600 வைக்கிறீர்கள், ஒருவர் கால். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) 2 விழுகிறது. 3,500 வைக்கிறீர்கள், அதற்கும் கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஒன்றுக்கும் உதவாத 6. மிச்சம் 4,200-ஐ உள்ளே தள்ளுங்கள். இந்த மட்டத்தில் கிங்-9 வைத்திருப்பவர் அதையும் கட்டுவார். "ரொம்ப வைத்தால் ஓடிவிடுவாரோ" என்று 1,000, 1,500 என நிறுத்துகிறவர்கள்தான் இங்கே சம்பாதிக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

ரீபை இருக்கும் டோர்னமென்ட்டில் இந்தக் கட்டம் இன்னும் நீளும், ஏனென்றால் தோற்றவர் மறுபடி பணம் கட்டித் திரும்ப வருகிறார். ரீபை மூடியதும் மேஜை சட்டென்று இறுகுவதை, எல்லோரும் எச்சரிக்கையாக ஆடுவதைக் கவனியுங்கள்.

அடுத்தது தாமதப் பதிவு. தினமும் ஆடும் தேர்ந்தவர்களில் பலர் பதிவு மூடப்போகும் நேரத்தில், 20–30 பிக் பிளைண்டோடு வந்து உட்காருவார்கள். ஒரு பக்கம் பலவீனமானவர்கள் வெளியேற, மறுபக்கம் பலமானவர்கள் நுழைகிறார்கள். ஆகவே ஆட்டம் கற்றுக்கொண்டிருப்பவர் முதல் பிளைண்டிலிருந்தே உட்கார வேண்டும் என்பது என் திடமான கருத்து. லாபம் எளிதாகக் கிடைக்கும் நேரம் அதுதான்.

சரி, யார் தேர்ந்தவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரெய்ஸ் அளவைப் பாருங்கள். எந்தக் கையோடும் 2.2 பிக் பிளைண்ட் என்று ஒரே அளவில் திறப்பவர் (முதல் ரெய்ஸ் செய்பவர்) யோசித்து ஆடுகிறவர். ஒரு தடவை 2, இன்னொரு தடவை 5 என்று தாவுகிறவரின் அளவே அவர் கையைச் சொல்லிவிடும். பாட் பெரிதாக இருக்கும்போது ஒரே ஒரு பிக் பிளைண்ட் வைப்பவரிடம் பெரும்பாலும் அரைகுறைக் கைதான் இருக்கும். நல்ல அளவில் ரெய்ஸ் செய்யுங்கள்.

ஆன்டி (ஒவ்வொரு கைக்கும் பிளைண்டுக்கு மேல் வைக்கும் கட்டாயப் பந்தயம்) சேர்ந்த பிறகு நடுக்கட்டம். இப்போது யாரும் தொடாமலே பாட்-இல் ஏறத்தாழ 2.5 பிக் பிளைண்ட் கிடக்கும். நீங்கள் 2 வைத்துத் திறந்தால், 100-க்கு 45 தடவை எல்லோரும் ஃபோல்ட் செய்தாலே (சீட்டைப் போட்டு விலகினாலே) கை எப்படி இருந்தாலும் நஷ்டம் இல்லை. கால் செய்தே பழகியவர்கள் குறைந்துவிட்ட மேஜையில் இது நன்றாகவே நடக்கும். அப்படிக் கால் செய்தே பழகியவர் பிக் பிளைண்டில் இன்னும் உட்கார்ந்திருந்தால் இந்தப் பாட் திருட்டு வேண்டாம். அவரிடம் பழைய ஆட்டமே ஆடுங்கள்.

பபிள்தான், அதாவது பரிசு எல்லைக்குச் சற்று முந்தைய கட்டம்தான், எனக்கு மிகவும் பிடித்த இடம். பொழுதுபோக்காக ஆடுகிறவர் இங்கே தேவைக்கு மேல் பயப்படுகிறார். மிகக் குறைந்த பரிசு பை-இன்னைப் போல் இரண்டு மடங்குகூடப் பெரும்பாலும் வராது, ஆனாலும் அதைத் தொட்டுவிட வேண்டும் என்று நல்ல கையையும் ஃபோல்ட் செய்வார். 25 பிக் பிளைண்ட் வைத்திருக்கும் நடுத்தர ஸ்டாக்குகளை (சிப் குவியல் உள்ளவர்களை) குறிவையுங்கள். இழக்க அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. உங்களைவிடப் பெரிய ஸ்டாக்கோடு மோதுவதைத் தவிருங்கள். சாட்டிலைட்டில் (பெரிய டோர்னமென்ட்டுக்கான டிக்கெட்டே பரிசாகும் ஆட்டத்தில்) இது உச்சத்துக்குப் போகும்: 10 டிக்கெட், 11 பேர், உங்களிடம் வசதியான ஸ்டாக் என்றால், பெரிய ஸ்டாக்கின் ஆல்-இன்னுக்கு (எல்லா சிப்பையும் வைக்கும் பந்தயத்துக்கு) இரண்டு ஏஸையும் ஃபோல்ட் செய்வது சரியான ஆட்டமாக இருக்கலாம். எல்லா டிக்கெட்டும் ஒரே மதிப்பு அல்லவா, கூடுதல் சிப்பால் கிடைப்பது ஒன்றும் இல்லை.

கடைசி இரண்டு மூன்று மேஜைகளில் மிஞ்சியவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். எந்த ஏஸ் வந்தாலும் ஆல்-இன்னுக்கு கால் செய்து, சீட்டு அமைந்ததால் 60 பிக் பிளைண்டோடு இருப்பவரும் அங்கே இருப்பார். சிப் குவியலைப் பார்த்து எடை போடாமல் அவர் காட்டிய கைகளைப் பாருங்கள். அப்புறம், இங்கே பலரிடம் 10–15 பிக் பிளைண்டுதான் இருக்கும், ஃப்ளாப்புக்குப் பிந்தைய திறமைக்கு வேலை குறைவு. 10 பிக் பிளைண்டோடு ஆல்-இன் போய் எல்லோரும் ஃபோல்ட் செய்தால் உங்கள் ஸ்டாக் கால்பங்கு கூடிவிடும். எந்த இடத்திலிருந்து எந்தக் கையோடு ஆல்-இன் போகலாம் என்ற அட்டவணையை முதலில் படியுங்கள். மற்ற பாடங்கள் பிறகு.

பை-இன் ஏறும்போது? 1 டாலருக்கும் 5 டாலருக்கும் பெரிய வித்தியாசம் நான் பார்த்ததில்லை. 10, 20 என்று போகும்போதுதான் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். டர்போவில் பிளைண்ட் வேகமாக ஏறுவதால் திறமை வெளிப்பட நேரம் குறைவு. எந்த மட்டமானாலும் 100 பை-இன்னாவது தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கைகளின் பதிவைத் திறந்து, சீட்டு காட்டப்பட்ட கைகளுக்கு மட்டும் குறிப்பு எழுதுங்கள். "மோசமான ஆட்டக்காரர்" என்ற குறிப்பால் பயன் இல்லை. "40 பிக் பிளைண்ட், ஏஸ்-7, ஃப்ளாப்பில் ஏஸ் ஜோடி, மூன்று பந்தயத்துக்கும் கால்" என்று எழுதுங்கள். அடுத்த முறை அவர் உங்கள் இடப்பக்கம் வந்து உட்காரும்போது எவ்வளவு வைக்கலாம் என்பது அதிலேயே இருக்கும்.