கொழும்பிலிருந்து பனியாற்றுக்கு: ஸ்கீ டூரிங் தொடங்குகிறவர்களுக்கு

சுவிஸில் சொந்தக்காரர் இருக்கும் வீடு கொழும்பில் ஏராளம். அதனால் "ஒருக்கா வாங்கோ, பனியில சறுக்கலாம்" என்ற அழைப்பும் இங்கே புதிதில்லை. ஆனால் மெஷின் ஓட்டிச் சமப்படுத்தி, கம்பு நட்டு எல்லை காட்டிய பிஸ்ட்டில் சறுக்குவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கு வெளியே, யாரும் தொடாத பனியில் இறங்குவது ஃப்ரீரைட். ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் பிடிக்கும் துணிப்பட்டை) ஒட்டி, சொந்தக் காலில் ஏறி, மேலே போனதும் அதை உரித்துவிட்டு இறங்குவது ஸ்கீ டூரிங். இதையே 3000 மீற்றருக்கு மேலே, பனியாறு (மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) படுத்திருக்கும் பள்ளத்தாக்கில் செய்வதென்றால் மேலே சரிவிலிருந்து பனி இடிந்து பாயும் பனிச்சரிவாலும் ஆபத்து வரும், காலுக்குக் கீழே பனியாற்றுப் பிளவிலிருந்தும் வரும். புதியவர்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

முதல் படி: வரிசையைக் குழப்ப வேண்டாம்

முதல் வருடமே பனியாறு என்று யோசிக்காதீர்கள். முதலில் ஸ்கீ பள்ளி, பிஸ்ட். நடுத்தரக் கடினமான சிவப்பு நிறப் பாதைகளில் களைப்பிலும் கட்டுப்பாட்டோடு இறங்க வந்த பிறகு, பிஸ்ட் ஓரமாக ஸ்கின் போட்டு ஏறிப் பழகலாம். அப்புறம் ஒரு பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு, அதன் பின் வழிகாட்டியோடு ஒரு சிறிய டூர். பனியாறு இதற்கெல்லாம் பிறகுதான். பிரான்சின் சமோனியிலுள்ள வலே பிளாஞ்ச் இறக்கத்தை "லேசானது" என்று பலர் சொல்வார்கள். சறுக்குவதைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மைதான். ஆனால் 3842 மீற்றர் உயர ஐகுய் து மிடி சிகரத்திலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர் பனியாற்றின் மேல் போகும் அந்த வழிக்கு எல்லைக் கம்பும் இல்லை, காவலும் இல்லை.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நம் நாட்டின் உச்சியான பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். 2500க்கு மேலே போனால் தலையிடி, குமட்டல் வரலாம். வந்திறங்கிய மறுநாளே கேபிள் காரில் உச்சிக்கு ஓடாமல், இரண்டு மூன்று இரவு நடுத்தர உயரத்தில் தங்குங்கள்.

இரண்டாம் படி: கொழும்பில் இருந்தே செய்யக்கூடியது

பனி இல்லாத ஊரில் என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். கால் பயிற்சிதான். பத்துக் கிலோ பையைப் போட்டுக்கொண்டு ஃபிளாட் மாடிப்படியில் ஏறி இறங்குங்கள், லிஃப்டை மறந்துவிடுங்கள். காலிமுகத்திடலில் நடப்பது மூச்சுக்கு நல்லது, ஆனால் அது மட்டமான தரை, தொடைக்கு ஒன்றும் செய்யாது. சீசனில் சிவனொளிபாதமலை ஏறினால் இன்னும் நல்லது.

அடுத்தது வரைபடம். சுவிஸ் அரச நில அளவை நிறுவனமான சுவிஸ்டோப்போவின் வரைபடத்தை இங்கேயே போனில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் சரிவின் சாய்வைக் காட்டும் அடுக்கு ஒன்று உண்டு: 30 பாகை தாண்டினால் மஞ்சள், 35க்கு மேல் செம்மஞ்சள், 40க்கு மேல் சிவப்பு. சறுக்குபவர்களைப் புதைக்கும் பலகைப் பனிச்சரிவு (பனி அடுக்கு பலகைபோல் உடைந்து சரிவது) பொதுவாக 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில்தான் கிளம்பும். போகப்போகும் வழியை விரலால் தடவிப் பார்த்து எங்கே நிறம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடம் மட்டமாக இருந்தாலும் தலைக்கு மேலே சிவப்பு இருந்தால் அதுவும் ஆபத்தான இடம்தான்.

காப்புறுதி: ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும். அதை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், பிஸ்ட்டுக்கு வெளியே நடக்கும் விபத்தையும் ஹெலிகொப்டர் மீட்பையும் பல பொலிசிகள் விலக்கிவிடும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: பீக்கன், புரோப், மண்வெட்டி

பீக்கன் என்பது புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் அணியும் சமிக்ஞைக் கருவி, புரோப் பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி. இந்த மூன்றும் ஆளுக்கு ஒன்று. நாலு பேருக்கு ஒரு மண்வெட்டி என்ற கதையே வேண்டாம். பீக்கன் 457 கிலோஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அதன்பின் அது வேகமாக விழுந்துவிடும். மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவர்தான் மீட்புக் குழு.

தேடுவது இப்படி. பீக்கன் திரையில் அம்புக்குறி காட்டும் பக்கம் வேகமாகப் போங்கள், தூரத்தைக் காட்டும் எண் குறைந்துகொண்டு வர வேண்டும். 3 மீற்றருக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, பீக்கனைப் பனி மட்டத்துக்கு இறக்கி, திருப்பாமல் ஒரே திசையில் பிடித்தபடி முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் நகர்த்தி ஆகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து சுருளாக, 25 சென்ரிமீற்றர் இடைவெளியில், சரிவுக்குச் செங்குத்தாகப் புரோப்பைக் குத்துங்கள். பட்டால் உருவ வேண்டாம், அப்படியே விட்டுவிட்டுச் சற்றுக் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். சரிந்து நின்ற பனி இறுகிவிடும், பிளாஸ்டிக் மண்வெட்டி வளையும், அதனால் உலோகம்தான். போனைப் பீக்கனிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50.

யாராவது சுவிஸிலிருந்து இரண்டு பீக்கன் கொண்டுவந்தால் இங்கேயே பழகலாம், மண்ணிலும் வேலை செய்யும். ஒரே ஒரு புத்திமதி: காலிமுகத்திடல் மணலில் பழகாதீர்கள். மின்விளக்கு மினுங்கும் சாமானைப் பொலித்தீனில் சுற்றிக் கொழும்பு நடுவில் புதைப்பதைப் பொலிஸுக்கு விளக்க உங்களால் முடியாது. வீட்டு வளவு போதும்.

நான்காம் படி: யாரோடு போவது, எப்போது திரும்புவது

இதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டமான படி. பெரியப்பா மகன் இருபது வருடம் சுவிஸில் இருக்கிறார், பிஸ்ட்டில் பறப்பார், அதனால் அவர் வழிகாட்டி ஆகிவிட மாட்டார். பனியாற்றுக்கு யு.ஐ.ஏ.ஜி.எம். (சர்வதேச மலை வழிகாட்டிகள் சங்கக் கூட்டமைப்பு) சின்னம் உள்ள மலை வழிகாட்டியை அமர்த்துங்கள், செலவைக் குழுவாகப் பங்கிடலாம். இன்னொன்று: அண்ணா லீவு போட்டு, டிக்கெற் எடுத்து, அண்ணி விடியவே எழும்பிச் சாப்பாடு கட்டித் தந்த பிறகு "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. அந்த மரியாதை சரிவில் உயிரை எடுக்கும். ஆகவே முதல் நாள் இரவே பேசி முடியுங்கள்: யார் திரும்புவோம் என்றாலும் எல்லாரும் திரும்புவது, காரணம் கேட்பதில்லை. கூடவே பிஸ்ட்டிலேயே சறுக்கும் மாற்றுத் திட்டம் ஒன்றும் இருந்தால் டிக்கெற் காசு வீணாகிறதே என்ற கவலையும் குறையும்.

முடிவெடுக்க டாவோஸிலுள்ள சுவிஸ் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்.எல்.எஃப்.இன் பனிச்சரிவு அறிக்கையைப் பாருங்கள். குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வரும், வைட் ரிஸ்க் செயலியில் படிக்கலாம். ஆபத்து 1 முதல் 5 வரை. ஐந்தில் மூன்று என்றதும் "நடுத்தரம்தானே" என்று தோன்றும். தவறு. 4லும் 5லும் ஆட்கள் பயந்து வெளியே போவதில்லை, சாவுகளில் பெரும்பகுதி 2லும் 3லும்தான். புதியவர்கள் 3 என்றால் செங்குத்துச் சரிவின் பக்கமே போக வேண்டாம். எண்ணோடு நின்றுவிடாமல் எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்பதையும் படியுங்கள்.

ஐந்தாம் படி: ஏறும்போதும் பனியாற்றிலும்

கிளம்பும் இடத்திலேயே ஒவ்வொருவர் பீக்கனையும் சரிபாருங்கள். ஸ்கின்னின் பசைப் பக்கத்தில் பனி படவிடாதீர்கள், பட்டால் பாதி வழியில் கழன்றுவிடும், இறங்கும்போது மடித்து ஜக்கெற்றுக்குள் வையுங்கள். செங்குத்தான இடத்தில் ஏறும்போது ஆளுக்கு ஆள் 10 மீற்றர் இடைவெளி, இறங்கும்போது ஒவ்வொருவராக. காலடியில் "வும்ப்" என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, பனியில் வெடிப்பு ஓடினாலோ திரும்புங்கள்.

பனியாற்றில் பிளவுகளைப் பனிப்பாலங்கள் மூடியிருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர்கால ஆரம்பத்தில் அவை மெல்லியவை. வசந்தத்தில் காலையில் இறுகி, வெயில் ஏறியதும் இளகும். எனவே விடியப் போய் நேரத்தோடு இறங்க வேண்டும். ஏறும்போது கயிறு, இறங்கும்போது கயிறு இல்லாவிட்டாலும் இடுப்பில் ஹார்னஸ் (கயிறு மாட்டும் பட்டி) கட்டாயம், விழுந்தவரைத் தூக்க அதில்தான் கொக்கி மாட்டுவார்கள். வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகாதீர்கள், படம் எடுக்கக் கூட்டமாக நிற்காதீர்கள். சிறுநீர் கழிக்கவும் ஸ்கீயைக் கழற்றாதீர்கள்: உங்கள் பாரத்தைப் பரப்பி வைத்திருப்பது அதுதான்.

ஆறாம் படி: அடிபட்டால்

சுவிஸில் ரேகா மீட்புச் சேவைக்கு 1414, ஐரோப்பா எங்கும் 112. இடம், எத்தனை பேர், என்ன காயம், வானிலை எப்படி என்பதைச் சொல்லுங்கள். புதைந்தவரைத் தேட ஆட்கள் இருந்தால் ஒருவர் அழைக்க மற்றவர்கள் தேடட்டும், தனியாக நின்றால் சிக்னல் இருக்கும் இடத்தில் உடனே அழைத்துவிட்டுத் தேடுங்கள். ஹெலிகொப்டரைக் கண்டதும் இரு கைகளையும் மேலே விரித்து ஒய் வடிவில் நின்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம். பறக்கக்கூடிய சாமான்களைப் பிடித்துக்கொண்டு குந்தியிருங்கள், பணியாளர் சைகை காட்டும்வரை கிட்டப் போகாதீர்கள்.