உழவு இயந்திரப் பெட்டிக்கு ரயர் வாங்கப் போகிறவர்களுக்கு

உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் எங்கள் வீட்டுப் பெட்டி வருடத்தில் மூன்று மாதம் ஓடினால் அதிகம். மாசி, பங்குனியில் காலபோக நெல் ஏற்றும். குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகம் செய்தால் ஆவணியிலும் கொஞ்சம் வேலை இருக்கும். நடுவில் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வீட்டுச் சனம், பக்கத்து வீட்டுச் சனம், பானை, விறகு, பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விசுவமடுவில் இருந்து புதுக்குடியிருப்புப் பக்கமாக மெதுவாகப் போய் வரும். மிச்ச நாளெல்லாம் முற்றத்தில் நிற்கும். பெட்டி ரயரைப் பற்றி நான் சொல்ல வருவது எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. லொறி ரயர் ஓடித் தேயும். பெட்டி ரயர் அப்படித் தேய்வது குறைவு. அது வெயிலில் நின்றே பழுதாகும், ஆனால் பார்த்தால் புதிது போலவே இருக்கும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். 2016 மாசியில் 42 மூடை நெல்லோடு பரந்தனுக்குப் போகும்போது, தர்மபுரம் வருவதற்கு முன்னால் இடது பக்க ரயர் வெடித்தது. பெட்டி சரிந்து, மேலடுக்கு மூடைகள் வீதியில் விழுந்து உடைந்தன. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளை ஒருவன் கொஞ்சம் தள்ளி வந்ததால் தப்பினான். அவன் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அந்த ரயரில் பள்ளம் எல்லாம் ஆழமாக இருந்தது, மொட்டை ஆகவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் புதிது என்று சொல்லித் தந்ததை நம்பி வாங்கியது. ரியூப் ஒட்டுகிற ஐயா ஒருவர் வந்து, கிழிந்த ரயரைப் புரட்டி, பக்கத்தில் இருந்த நான்கு இலக்கத்தைத் துடைத்துக் காட்டினார். 1107. “தம்பி, இது 2007 ஆம் ஆண்டின் பதினோராம் கிழமை செய்த ரயர். நீ வாங்கும்போதே ஏழு வயது” என்றார்.

ஆகவே முதலில் அந்த இலக்கத்தைப் பாருங்கள். ரயரின் பக்கத்தில், ரிம்முக்குக் கிட்ட, டி.ஓ.டி. (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசியில், பெரும்பாலும் சிறிய நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை. சில ரயரில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்திலும் இல்லாத ரயரை, அல்லது அந்த இடம் தேய்த்து அழிக்கப்பட்ட ரயரை, நான் கையால் தொடுவதில்லை. ஒரு வருடத்துக்கு உட்பட்டது என்றால் நல்லது. இரண்டு வருடம் என்றால் விலை குறைத்துக் கேட்பேன். அதற்கு மேல் என்றால் வேறு கடை. செய்த நாளில் இருந்து ஆறு வருடம் ஆனதும், பள்ளம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், நெல்லுக்கும் சனத்துக்கும் அந்த ரயரை நம்புவதில்லை. கழற்றி, வளவுக்குள் குப்பை இழுக்கும் சின்னப் பெட்டிக்குக் கொடுத்துவிடுவேன்.

கடைக்காரரிடம் இலக்கம் கேட்க வெட்கப்பட வேண்டாம். “அண்ணை, எந்த வருடச் சாமான்?” என்று கேட்டால் நல்ல கடைக்காரர் தானே உருட்டிக் கொண்டுவந்து காட்டுவார். 2020 இல் ரயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, எங்கெங்கோ கிடந்த பழைய கையிருப்பு எல்லாம் வெளியே வந்தது. அந்த நாளில் இருந்து இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிவிட்டது.

அடுத்தது அளவு. இதில் அதிகம் சொல்ல இல்லை. பழைய ரயரில் 7.50-16 என்று இருந்தால், 7.50 என்பது ரயரின் அகலம், 16 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். நடுவில் கோடு இருந்தால் குறுக்கு நூல் வைத்த சாதாரண நைலோன் ரயர். கோட்டுக்குப் பதில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலோன், மறுபக்கம் ரேடியல் என்று போடக் கூடாது. இரண்டும் பாரத்தில் வேறு வேறு விதமாக அமுங்கும், பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். அதே காரணத்துக்காகத்தான் ஒரு ரயர் வெடித்தால் மற்றதையும் சேர்த்து மாற்றச் சொல்கிறேன். கழற்றிய மற்றது நல்லதாக இருந்தால் உபரி ரயராக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாரம். எல்லாரும் தவறு விடுவது இங்கேதான். கடையில் போய் “பன்னிரண்டு பிளை தாங்கோ” என்று கேட்கிறோம். 8, 10, 12, 14, 16 என்று வரும் அந்த எண் ரயருக்குள் இத்தனை அடுக்கு நூல் இருக்கிறது என்று சொல்லவில்லை. பருத்தி நூல் போட்ட காலத்தில் அப்படி இருந்தது. இப்போது நைலோன் பலமானது, அடுக்குக் குறைவு, அந்த எண் பலத்தைக் குறிக்கும் ஒரு தரம் மட்டும்தான். பிளையைப் பார்த்து வையுங்கள், ஆனால் கணக்குப் போடுவது பக்கத்தில் உள்ள பாரச் சுட்டெண்ணை வைத்துத்தான். 100 என்றால் ஒரு ரயர் 800 கிலோ தாங்கும். 112 என்றால் 1120 கிலோ, 116 என்றால் 1250, 121 என்றால் 1450, 127 என்றால் 1750. அந்த எண்ணை ஒட்டி ஒரு வேகக் குறியும் இருக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீற்றர், ஏ8 என்றால் 40. அந்த வேகத்துக்குத்தான் அந்தப் பாரம் செல்லும். வயல் ரயரைப் போட்டுக்கொண்டு கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் விரட்டினால் அந்தக் கணக்கு நிற்காது.

என் பெட்டிக்கு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையதை நீங்கள் போட்டுப் பாருங்கள். வெறும் பெட்டி ஏறக்குறைய 900 கிலோ. ஒரு மூடை நெல் 65 கிலோ என்று வைத்தால் 30 மூடை 1950 கிலோ. மொத்தம் 2850. இரண்டு ரயர், ஆளுக்கு 1425. ஆகவே 121 சுட்டெண் உள்ள ரயர் சரி. அன்றைக்கு நான் ஏற்றிய 42 மூடைக்கு இதே கணக்குப் போட்டால் ஒரு ரயரில் 1815 கிலோ. ரயர் புதிதாக இருந்திருந்தாலும் நான் செய்தது பிழைதான். பாரத்தில் ஒரு பங்கு உழவு இயந்திரத்தின் கொளுக்கியில் இறங்குமே என்று கேட்பீர்கள். இறங்கும். நான் அதைக் கழிப்பதில்லை. வாய்க்கால் கட்டால் இறங்கும்போதும், கிறவல் வீதிக் கிடங்கில் ஒரு பக்கம் விழும்போதும், அந்தப் பக்கத்து ரயர் தன் பங்கைவிடக் கூடச் சுமக்கிறது. கழிக்காமல் விட்டது அந்த நேரத்துக்கு உதவும். 40 மூடை ஏற்றத்தான் வேண்டும் என்றால் 127 அல்லது அதற்கு மேல் பார்க்க வேண்டும், அதற்கு ரிம்மும் அச்சும் ஈடு கொடுக்குமா என்றும் பார்க்க வேண்டும். நான் 30 மூடையோடு இரண்டு நடை போகிறேன். டீசல் கூடத்தான் போகிறது.

கனடாவில் இருக்கும் என் தம்பி, வீடு போன்ற பெட்டியைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போய்த் தங்குகிறவன். அதற்கு ரயர் மாற்றும்போது என்னிடம் கேட்டான். அங்கே இழுவைப் பெட்டிக்கென்றே எஸ்.டி. என்ற எழுத்துப் போட்ட ரயர் விற்கிறார்கள், பக்கச் சுவர் விறைப்பானது, பெட்டி ஆட்டம் போடாமல் இருக்க உதவும். அதில் வேறு வேகம் எழுதியிருக்காவிட்டால் மணிக்கு 65 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய வழக்கம். கார் ரயரைப் பெட்டிக்குப் போட்டால் அதில் எழுதிய பாரத்தை 1.1 ஆல் பிரித்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அவனுடைய பெட்டியும் வருடத்தில் பாதி நாள் நிற்கிறது, அதுவும் நின்றுதான் பழுதாகிறது. அவனுக்கும் நான் முதலில் சொன்னது அந்த நான்கு இலக்கம்தான். இங்கே லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிக்குப் பழைய வான் ரயர் போடுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.

பள்ளத்தின் வடிவம் பற்றிச் சின்னதாக ஒன்று. உழவு இயந்திரத்தின் பின் ரயரில் இருப்பது போல் பெரிய கட்டை வைத்த ரயர் பெட்டிக்குத் தேவையில்லை. பெட்டிச் சில்லு இழுபடுகிறது, தானாகத் தள்ளுவதில்லை. நீளவாக்கில் வரி ஓடும் ரயர் இலகுவாக உருளும், சேறும் குறைவாகப் பிடிக்கும். முள்ளுக்கு எந்தப் பள்ளமும் காவல் இல்லை. சூரை முள், ஈச்ச முள் உள்ள வயல் வரம்பில் போகிறவர்களுக்குத் தடித்த அடிப்பாகம்தான் உதவும்.

ரீபில்ட் ரயர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். காசு இல்லாத நேரம் நானும் போட்டிருக்கிறேன். ஆனால் மேலே ஒட்டிய ரப்பர் புதிது, உள்ளே உள்ள உடம்பு பழையது. அந்த உடம்பின் வயதைக் கேளுங்கள், பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா, உள்ளே விரலை ஓட்டினால் நூல் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளை ஏற்றும் பெட்டிக்கு வேண்டாம்.

வெடிப்பு என்றதும் சொல்ல வேண்டும். 2010 இல் மீள்குடியேறி வந்தபோது எங்கள் பழைய பெட்டி உடையார்கட்டுப் பக்கம் ஒரு வளவில் கவிழ்ந்து கிடந்தது. 2009 தையில் வீட்டுச் சாமானை, அம்மாவை, நெல்லை எல்லாம் அதில்தான் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனோம், ஓரிடத்தில் விட்டுவிட்டு நடந்தோம். நிமிர்த்தி வைத்துக் காற்று அடித்தால் ரயர் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் பக்கம் முழுக்க மயிர் மயிராக வெடிப்பு. வெறும் பெட்டியாக வீடு வரை இழுத்து வந்து, அதோடு அந்த ரயர்களைக் கழற்றினேன். வெறும் பெட்டிக்கு நிற்கிற ரயர் பாரத்துக்கு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். நகத்தால் அழுத்தி விரித்தால் வெடிப்பின் ஆழம் தெரியும். நூல் தெரிந்தாலோ, பக்கத்தில் எங்காவது வீங்கி இருந்தாலோ பேச்சுக்கு இடமில்லை.

புது ரயருக்குப் புது ரியூப் போடுங்கள். பழைய ரியூப் விரிந்து பெருத்திருக்கும், புது ரயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே அறுந்து போகும். ரியூப்பில் எழுதிய அளவும் ரயரின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். ரிம்முக்கும் ரியூப்புக்கும் நடுவே போடும் பிளாப் காய்ந்து விளிம்பு கூராகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ரிம்மின் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பெயின்ற் அடித்துக் காயவிட்டுத்தான் நான் ரயர்க் கடைக்கே கொண்டுபோவேன். ஏற்றும்போது விளிம்புக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், கிறீஸ், எண்ணெய் வேண்டாம், அவை ரப்பரைத் தின்னும். ரியூப்புக்கு வெள்ளைத் தூள் போட்டு, காற்று அடித்து, முழுக்க இறக்கி, திரும்ப அடித்தால் உள்ளே உள்ள மடிப்பு நிமிரும்.

இந்த இடத்தில் கவனமாக இருங்கள். பூட்டு வளையம் வைத்த ரிம் என்றால், காற்று ஏறும்போது வளையம் சரியாக உட்காராவிட்டால் துப்பாக்கிச் சன்னம் போலப் பறக்கும். ஆளைக் கொல்லும். சில்லுக்கு நேரே குனிந்து நிற்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். வளையம் மேலே வராமல் சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீண்ட குழாயால், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள். வளைந்த வளையத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்கிப் போடுகிற கடையில் இருந்து சில்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காற்று எவ்வளவு என்பது ரயரின் பக்கத்திலேயே இருக்கும், இந்தப் பாரத்துக்கு இத்தனை பி.எஸ்.ஐ. என்று. பாரம் தாங்குவது உள்ளே உள்ள காற்று. காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும், அதனால் சூடேறும், சூட்டில் ரப்பரும் நூலும் பிரியும். பங்குனி வெயிலில் தார் வீதியில் இது சீக்கிரம் நடக்கும். அறுவடை நாட்களில் காலையில் புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடக் காட்டும், அதை நம்பி இறக்கிவிடக் கூடாது. சில்லுப் பூட்டி முதல் நடை போய் வந்ததும் நட்டுகளைத் திரும்ப ஒருதரம் இறுக்குங்கள்.

வேலை முடிந்த பிறகு என் பெட்டியை அச்சுக்குக் கீழே மரக்குற்றி வைத்து, சில்லு நிலத்தில் முட்டாமல் தூக்கி நிறுத்துகிறேன். ரயரைப் பழைய சாக்கால் மூடி, வெயில் அடிக்கும் மேற்குப் பக்கத்துக்குக் கிடுகு சாத்துவேன். டீசல் சிந்திய இடத்தில் நிறுத்துவதில்லை. இப்போது பூட்டியிருப்பவை களனியில் செய்த சியற் (CEAT) நிறுவன ரயர்கள், இரண்டிலும் இலக்கம் 3422. பெட்டியின் முன்பலகைக்கு உட்பக்கம் அந்த இலக்கத்தையும், அதன் கீழே 2028 ஆவணி என்றும் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மாதம் வந்தால் யார் வீட்டில் இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று மகனுக்கும் சொல்லியாயிற்று.