ஸ்லாஷ் கதை படிக்கப் போறீங்களா? முதல்ல உங்களுக்குப் பிடிச்ச ஜோடி எதுன்னு கண்டுபிடிங்க

என் அத்தை பொண்ணு புதுச்சேரி முத்தியால்பேட்டையில இருக்கா, காலேஜ் மூணாவது வருஷம். லீவுக்கு கடலூர் வந்தப்ப தேவனாம்பட்டினம் பீச்சுல உக்காந்திருந்தோம், என் போனை எட்டிப் பார்த்துட்டு "ஏன்க்கா எப்பப் பாரு ரெண்டு ஆம்பளைங்க லவ் பண்ற கதையே படிக்கிற, அதுல அப்படி என்ன இருக்கு"ன்னு கேட்டா. கிண்டலா இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. அன்னைக்கு அவகிட்ட சொன்னதையும் அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சு பார்த்ததையும் எழுதுறேன், புதுசா படிக்க வர்றவங்களுக்கு உதவும்.

சீரியல்லயோ படத்துலயோ நாவல்லயோ வர்ற ரெண்டு ஆம்பளைங்களைக் காதலர்களா வெச்சு ரசிகர்கள் எழுதுற கதைக்குத்தான் ஸ்லாஷ்னு பேர், அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன். ஸ்டார் ட்ரெக்னு ஒரு விண்வெளி சீரியல் 1966ல இருந்து 1969 வரைக்கும் அமெரிக்க டிவியில ஓடுச்சு, அதுல வர்ற கேப்டன் கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களா வெச்சு ரசிகைங்க கதை எழுத ஆரம்பிச்சாங்க. கிர்க்/ஸ்பாக்னு நடுவுல ஒரு சாய்கோடு போடுவாங்க, அந்தக் கோட்டுக்கு இங்கிலீஷ்ல ஸ்லாஷ், அதுவே இந்த வகைக்கே பேராயிடுச்சு. 1974ல ரசிகர்கள் நடத்துன ஒரு பத்திரிகையில வந்த கதையைத்தான் அச்சுல வந்த முதல் கதைன்னு சொல்றாங்க, அதுல ரெண்டு பேரோட பேரும் கிடையாது. இதைப் படிச்சதும் எனக்கு நம்ம அகப்பாட்டு ஞாபகம்தான் வந்துச்சு. அகத்துல யாரோட பேரையும் சொல்லக்கூடாதுன்னு தொல்காப்பியம் விதியே வெச்சிருக்கு, தலைவன் தலைவி தோழி அவ்வளவுதான். பேர் முக்கியமில்ல, ரெண்டு பேருக்கு நடுவுல என்ன நடக்குதுங்கறதுதான் முக்கியம். நான் சொல்ல வர்ற விஷயமே அதுதான்.

நிறையப் பேர் ஜோடி தேடும்போது எந்த ஹீரோ அழகா இருக்கான்னு பார்த்து உள்ள போயிடுறாங்க, நாலு கதை படிச்சதும் போரடிக்குதுன்னு விட்டுடுறாங்க. அப்படித் தேடாதீங்க. நீங்க எந்த சீனைத் திரும்பத் திரும்பப் பார்த்தீங்களோ அதுல இருந்து ஆரம்பிங்க. ஒரு நோட்டு எடுத்து, சீரியலோ சினிமாவோ நாவலோ எதுவா இருந்தாலும் சரி, ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட மூணு சீனை எழுதுங்க. கதை என்னன்னு எழுத வேணாம், எந்த நொடியில ரீவைண்ட் பண்ணீங்க அதை மட்டும் எழுதுங்க.

என் அத்தை பொண்ணு எழுதினதுல ஒண்ணு ஒரு போலீஸ் சீரியல். கூட வேலை பார்க்கிறவன் கையில கத்திக்குத்து, இன்னொருத்தன் தன் சட்டையைக் கிழிச்சு கட்டுப் போடுறான், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல, முடிச்சு போட்டு முடிஞ்சுடுச்சு ஆனா அவன் கையை எடுக்கல, அங்கேயே வெச்சிருக்கான், அப்ப வெளியில ஜீப் சத்தம் கேட்டதும் சட்டுனு எடுத்துடுறான். அந்தக் கை அங்கேயே இருந்த ரெண்டு செகண்டைத்தான் அவ பத்து தடவை பார்த்திருக்கா. மத்த ரெண்டு சீனும் வேற வேற படம், வேற வேற ஆளுங்க, ஆனா ரெண்டுலயும் ஒருத்தனுக்கு அடி, இன்னொருத்தன் பார்த்துக்கிறான், எதையும் வாய் விட்டுச் சொல்றதில்ல. அப்ப இவளுக்குப் பிடிச்சது எந்த நடிகரும் இல்ல, இந்த நெருக்கம்தான். இதுக்கு ஹர்ட் கம்ஃபர்ட்னு, அதாவது அடியும் ஆறுதலும்னு, தனி டேகே (கதை எப்படிப்பட்டதுன்னு சொல்ற அடையாளச் சொல்) இருக்கு, அதைப் போட்டுத் தேடிக் கொடுத்தேன், விடியக்காலை மூணு மணி வரைக்கும் படிச்சிருக்கா.

எனக்கு இதை வகை பிரிக்க ஐந்திணை ரொம்ப உதவியா இருக்கு. ஸ்லோ பர்ன்னு சொல்றாங்களே, அம்பது அத்தியாயம் போனாலும் கையைக்கூடப் பிடிக்காத கதை, அது முல்லை, கார்காலத்துல வர்றேன்னு சொல்லிட்டுப் போனவனுக்காகக் காத்திருக்கிற அதே சுகம். ஏற்கெனவே சேர்ந்தவங்க சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அப்புறம் ராசியாகிறது மருதம். பிரிவு தெரிஞ்சே நடக்கிற கதைங்க பாலை. நான் நெய்தல் ஆளு, ஒருத்தன் இன்னொருத்தனை நினைச்சு ஏங்கிக்கிட்டே இருக்கணும், அவனுக்கு அது தெரியவே கூடாது, பாதிக் கதை வரைக்கும் எனக்கு அது போதும். எதிரிங்க காதலர்களா மாறுற கதை மட்டும் எந்தத் திணையிலயும் சரியா உக்கார மாட்டேங்குது, ஆனா அதுக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி, ஏன்னா எதிரிதான் நம்மளை முழுசா கவனிச்சவன், நம்ம பலவீனம் எங்கன்னு அவனுக்குத்தான் தெரியும்.

சரி ஏன் ரெண்டு ஆம்பளைங்க? என் அனுபவத்துல முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது, எழுதுறவங்க ஆம்பளைங்களுக்குத்தான் நல்ல சீன் கொடுக்குறாங்க. நம்ம படங்களையே எடுத்துக்கங்க, ஹீரோவுக்கும் நண்பனுக்கும் துரோகம் இருக்கு தியாகம் இருக்கு மழையில கட்டிப்பிடிச்சு அழறது இருக்கு, ஹீரோயினுக்கு ரெண்டு பாட்டு. உணர்ச்சி எங்க இருக்கோ அங்கதானே மனசு போகும். ரெண்டாவது, ரெண்டு பேரும் சமமா இருக்காங்க. யார் சமைக்கிறது, யார் வேலையை விடுறது, மாமியார் என்ன சொல்வாங்கங்கற கணக்கு எதுவும் ஆரம்பத்துலயே வந்து நிக்காது. ஒரு பொண்ணு இருக்கிற காதல் கதையைப் படிச்சா நான் என்னையறியாம அவ இடத்துல நின்னு இவன் நல்லவனா, கட்டிக்கலாமான்னு பயந்துக்கிட்டே படிக்கிறேன், இங்க அந்தக் காவல் வேலை இல்ல, ரெண்டு பேர் மனசுக்குள்ளயும் மாறி மாறி போய் வரலாம். எனக்கு அது பெரிய விடுதலை. இதையெல்லாம் எழுதுறவங்க படிக்கிறவங்கள்ல ரொம்பப் பேர் பொண்ணுங்க, அதுல பைசெக்சுவல், லெஸ்பியன், ட்ரான்ஸ் ஆளுங்களும் நிறைய இருக்காங்க, அவங்களுக்குத் தன்னைப் பத்தின கதை வேற எங்கயும் கிடைக்காததும் ஒரு காரணம். ரெண்டு பொண்ணுங்க கதையும் இருக்கு, ஃபெம்ஸ்லாஷ்னு பேரு, எண்ணிக்கைதான் கம்மி, ஆனா தேடிப் படிங்க.

சும்மா நட்பா இருக்கிறவங்களை ஏன் இப்படிப் பார்க்கிறன்னு கேப்பாங்க. கோப்பெருஞ்சோழன் பட்டினி கிடந்து உயிர் விட வடக்கிருந்தப்ப, பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்கி வைங்கன்னு சொன்னான், புறநானூறு 216ல இருக்கு, ஒருத்தரையொருத்தர் நேர்ல பார்த்ததே இல்ல, ஆனா அவர் வந்தார். அது நட்புதான், அதுக்கு வேற பேர் வைக்க நான் வரல. ஆனா அந்த இடத்துல தொண்டை அடைக்குதுல்ல, அந்த அடைப்பைத்தான் ஸ்லாஷ் எழுதுறவங்க பிடிச்சுக்கிட்டு மேல எழுதுறாங்க.

இப்ப தேடுறது எப்படின்னு. ரசிகர்கள் எழுதுற கதைங்களைச் சேர்த்து வெச்சிருக்கிற ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்ங்கற வெப்சைட்டை, சுருக்கமா ஏஓத்ரீ (AO3), 2009 நவம்பர்ல திறந்தாங்க, விளம்பரம் கிடையாது, தன்னார்வலர்கள்தான் நடத்துறாங்க, 2019ல அறிவியல் புனைகதை உலகத்தோட ஹ்யூகோ விருதுகூட வாங்குச்சு. அங்க ஜோடி பேர்ல சாய்கோடு இருந்தா காதல், அதுவே ஆண்ட் குறி (&) இருந்தா நட்பு, இதை மாத்திப் படிச்சிட்டு ஏமாந்தவங்க நிறைய. ஜப்பான், சீன ரசிகர்கள்கிட்ட எந்தப் பேர் முன்னாடி வருதுங்கறதுக்கே அர்த்தம் உண்டு, படுக்கையில யார் முன்னெடுக்கிறாங்கன்னு, இங்கிலீஷ் கதைங்கள்ல பெரும்பாலும் அப்படி இல்ல. ரேட்டிங் கண்டிப்பா பாருங்க, எக்ஸ்ப்ளிசிட்னு (உடலுறவெல்லாம் வெளிப்படையா வரும்னு) இருந்தா பதினெட்டு ஆகாதவங்க திறக்காதீங்க. வன்முறை, முக்கியப் பாத்திரம் சாகிறது, பலாத்காரம், பதினெட்டு ஆகாத பாத்திரங்களோட பாலுறவு, இந்த நாலுக்கும் தனி எச்சரிக்கை இருக்கு. எழுதினவங்க எச்சரிக்கை போட விரும்பலன்னு இருந்தா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல, எது வேணா இருக்கலாம்னு அர்த்தம். நான் இதைப் புரிஞ்சுக்காம ஒரு கதையைப் படிச்சு ரெண்டு நாள் சோறு இறங்கல. வேண்டாத டேகை ஃபில்டர்ல விலக்கி வெச்சிடுங்க, முடிஞ்ச கதை மட்டும் காட்டுன்னு போடுங்க. பிடிச்சதை ஈபப்பா, அதாவது மின்புத்தகமா, டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாம், நான் கடலூர் புதுச்சேரி பஸ்ல கிருமாம்பாக்கம் பக்கம் நெட் போனாலும் படிச்சுக்கிட்டே போவேன்.

ரெண்டு விஷயம் கறாரா சொல்லிடுறேன். நிஜ நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் வெச்சு எழுதுற கதையை அவங்க கண்ணுல படுற மாதிரி அனுப்பாதீங்க, டேக் பண்ணாதீங்க, அது அவங்க வாழ்க்கை. அப்புறம், ஸ்லாஷ் படிச்சதால கே ஆண்களோட வாழ்க்கை நமக்குத் தெரியும்னு நினைச்சுக்காதீங்க. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ந்தேதிதான் ஓரினச்சேர்க்கையைக் குத்தமா வெச்சிருந்த 377வது சட்டப்பிரிவுலிருந்து அவங்களை விடுவிச்சுது, அது வரைக்கும் அவங்க பட்டது கதையில வர்ற ஏக்கம் மாதிரி அழகானது கிடையாது. அவங்க பேசினா கேளுங்க.

அடுத்தவங்க ஜோடியை மட்டம் தட்டவும் வேணாம். எனக்குப் பிடிச்ச ஜோடியில ஒருத்தனை வேற ஆளோட சேர்த்து என் ஃப்ரெண்டு எழுதுறா, நான் படிக்கிறதில்ல அவ்வளவுதான், மத்தபடி ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சந்தையில ஒண்ணாத்தான் பழைய புக் தேடுறோம். கதை பிடிச்சிருந்தா லைக் மாதிரி இருக்கிற குடோஸ் பட்டனை அழுத்துங்க, முடிஞ்சா எந்த வரி பிடிச்சுதுன்னு ஒரு கமெண்ட் போடுங்க, தமிழ்ல போட்டாலும் தப்பில்ல. நேத்து ராத்திரி என் அத்தை பொண்ணு அவளோட முதல் கமெண்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிச்சா, "முடிச்சு போட்டப்புறமும் கையை எடுக்காத இடம்"னு மட்டும் எழுதியிருந்தா. எழுதினவங்க அதுக்குக் கீழ, அந்த வரிக்காகத்தான் கதையே எழுதினேன்னு பதில் போட்டிருந்தாங்க.