பெரிய கொடுவா சிக்கினால்: தூண்டில்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோவளம் முகத்துவாரத்தில் மாலை வேளையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்த இரண்டு இளைஞர்களுக்கு ஒரு பெரிய கொடுவா சிக்கியது. நெடுநேரம் போராடி அதைக் கரையேற்றினார்கள். அதன் பிறகு அவர்கள் செய்த ஒவ்வொன்றும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது, வரிசைகூட மாறவில்லை. ஓடிப்போய்த் தடுக்கலாமா என்று நினைத்தேன், ஆனால் முதல் பெரிய மீனோடு நிற்கிறவன் காதில் யார் சொல்வதும் ஏறாது என்பதை என் அனுபவத்திலேயே அறிந்தவன் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். முடிச்சு நழுவுவது, ரீலை அளவுக்கு மீறி இறுக்கி வைப்பது, துருப்பிடித்த முள்ளைக் கட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டு மீன் தப்பினால் அவை தாமாகவே திருந்திவிடும்.

பெரிய மீனைக் கிழமீன் என்று நினைப்பது

இவ்வளவு வளர்ந்துவிட்ட மீன் இனி முட்டையிட்டு என்ன ஆகப்போகிறது, வயதானதை எடுத்தால் இளையவற்றுக்கு இடம் கிடைக்கும் என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். கொடுவாவைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர் எதிரானது. கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்துவிட்டு, பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டும் கட்டத்தில் பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஒரு மீட்டர் நீளமுள்ள கொடுவா உங்கள் கையில் இருக்கிறது என்றால், அது ஏறக்குறைய உறுதியாக ஒரு பெண் மீன். மிகப் பெரிய பெண் மீன்கள் கோடிக்கணக்கில் முட்டையிடக் கூடியவை. பெரியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டே போனால் ஒரு முகத்துவாரத்தில் மிஞ்சுவது ஆண்களின் கூட்டம்தான்.

அளவு கூடக் கூட முட்டையும் அதே விகிதத்தில் கூடும் என்று கணக்குப் போடுவதும் தவறு. அதைவிட வேகமாகக் கூடுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு அட்லாண்டிக் காட் மீன் இடும் முட்டைகள், தலா 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று காட்டியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கொடுவாவுக்கு 58 சென்டிமீட்டர் என்ற கீழ் எல்லையோடு 120 சென்டிமீட்டர் என்ற மேல் எல்லையும் விதிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேற்பட்டதை, மீன் விட்டு வளர்க்கும் சில அணைகள் நீங்கலாக, திரும்ப விட்டாக வேண்டும். களவா இனங்களில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது: பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்தபின் ஆணாக மாறுகின்றன. அங்கே பெரியதை எடுத்தால் ஆண்களுக்குப் பஞ்சம்.

“குஞ்சுப் பொரிப்பகங்கள்தான் இருக்கின்றனவே” என்று சிலர் சொல்வதுண்டு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1990-களிலேயே கொடுவாவை வளர்ப்பு நிலையில் இனப்பெருக்கம் செய்யவைத்து வெற்றி கண்டது உண்மைதான். ஆனால் பொரிப்பகக் குஞ்சுகள் பெரும்பாலும் பண்ணைக் குளங்களுக்குப் போகின்றன. நாம் தூண்டில் போடும் முகத்துவாரத்தை யாரும் நமக்காக நிரப்பித் தருவதில்லை.

மீன் கரையில் துடிக்கும்போது முடிவெடுப்பது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. செய்தது நானே என்பதால் எரிச்சல் சற்றுக் கூடுதலாகவே வருகிறது.

அன்று எனக்குச் சிக்கியது 36 அங்குல நீளமும் 22 அங்குலச் சுற்றளவும் கொண்ட கொடுவா. டார்ச் ஒளி பட்டபோது அதன் கண் தணல் போல மின்னியது. அதை ஈர மணலில் இழுத்துப்போட்டுவிட்டு நானும் நண்பனும் விவாதத்தைத் தொடங்கினோம். எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றான் அவன். விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அளந்து பார்த்துவிட்டு விடலாம் என்றும் தோன்றியது. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன், “அவ்வளவு பெரிய மீனை யார் அறுக்கிறது?” என்றாள் மனைவி. மைத்துனனோ இரண்டு கிலோ தனக்கு என்று அப்போதே பங்கு கேட்டான். நடுவில் எடைத்தராசைத் தேடினோம், அது வண்டியில் இருந்தது. என் கையில் மீன், நண்பன் கையில் மீன், இருவரும் சேர்ந்து மீன் என்று படங்கள் வேறு. கடைசியில், ஏதோ பெருந்தன்மை செய்கிற முகத்தோடு அதைத் தண்ணீரில் விட்டேன். மெதுவாகச் சாய்ந்து நீந்தி இருட்டுக்குள் போயிற்று. விட்டுவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய், இரவு படங்களைப் பார்த்தபோதுதான் நேரத்தைக் கவனித்தேன். முதல் படம் 6:12-க்கும் கடைசிப் படம் 6:21-க்கும் எடுக்கப்பட்டிருந்தன. ஒன்பது நிமிடங்கள். முதல் படத்தில் செவுள் செக்கச் செவேலென்று இருந்தது. கடைசிப் படத்தில் வெளிறிய செங்கல் நிறம், உடம்பெங்கும் அப்பிய மணல்.

மறுநாள் விடியற்காலையில் அது மணல்திட்டில் ஒதுங்கிக் கிடந்தது. நண்டுகள் வயிற்றைத் திறந்திருந்தன, உள்ளே இரண்டு சினைப்பைகள் பருத்துக் கிடந்தன. அங்கே வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மீனையும் என்னையும் பார்த்துவிட்டு, “தம்பி, விடுறதா இருந்தா தண்ணிக்குள்ளேயே விட்டிருக்கணும். திங்கிறதா இருந்தா நேத்தே அறுத்திருக்கணும்” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மீன் சந்தைக்குப் போயிருந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் செலவுக்கு உதவியிருக்கும் என்பதை அவர் சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன்.

ஒன்பது நிமிடத்தில் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கனடாவில் 1992-இல் வெளியான ஒரு சோதனையில், களைத்துப்போகும் வரை துரத்தப்பட்ட வானவில் டிரவுட் மீன்களுள், காற்றில் வைக்கப்படாதவற்றில் 12 சதவீதம் இறந்தன. 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதமும், ஒரே ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதமும் இறந்தன. கொடுவா டிரவுட்டைவிடக் கெட்டியான மீன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கடற்கரையின் வெதுவெதுப்பான நீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிய மீன் மூச்சை மீட்டுக்கொள்ள அது உதவாது. உடம்பின் மேலுள்ள வழவழப்பு, மணலிலும் காய்ந்த கையிலும் பட்டுப் போய்விட்டால், அது மறைத்திருந்த தோலில் பூஞ்சையும் கிருமியும் புகும். நீந்திப் போய்விட்டது என்பதை வைத்துப் பிழைத்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் இடம்.

அன்றிலிருந்து, முடிவைத் தூண்டில் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுகிறேன். ராடின் மேல் 55 சென்டிமீட்டரில் ஒன்றும் 80 சென்டிமீட்டரில் ஒன்றுமாக மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் இடைப்பட்ட மீன் ஒன்று சமையலுக்கு. அதை அந்த நிமிடமே தலையில் அடித்துக் கொன்று, செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, ஐஸில் புதைத்துவிடுகிறேன். மேல் கோட்டைத் தாண்டியது தண்ணீரைவிட்டு வெளியே வருவதே இல்லை. ஐஸ் பெட்டி கொண்டுபோகாத நாளில் எந்த மீனும் வீட்டுக்கு வருவதில்லை. ருசிக்கும் இதில் நட்டமில்லை: இரண்டு, மூன்று கிலோ கொடுவாவின் சதைக்கு முன்னால் பத்துக் கிலோ கொடுவாவின் சதை சக்கைதான். தவிர, பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெரிய மீன்களில் பாதரசமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

“நீ விட்டால் நாளைக்கு வலையில் படப்போகிறது” என்ற வாதத்தை மட்டும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. படலாம். வலை வீசுகிறவருக்கு அது தொழில், அவருக்கு அறிவுரை சொல்லும் தகுதி பொழுதுபோக்குக்காக வந்து நிற்கிற எனக்கு இல்லை. ஆனால் வலையில் படுவதற்குள் அது ஒருமுறை முட்டையிட்டுவிடவும் கூடும், அந்த வாய்ப்பைக் கெடுக்கும் கை என் கையாக இருக்க வேண்டியதில்லை.

லிப் கிரிப்பில் தொங்கவிடுவது

லிப் கிரிப் என்பது மீனின் தாடையைக் கவ்விப் பிடிக்கும் கருவி. நீரில் மிதந்தே வளர்ந்த பத்துக் கிலோ உடம்பின் எடை முழுவதையும் ஒரு தாடை தாங்காது. வயிற்றுக்கடியில் இன்னொரு கையைக் கொடுங்கள்.

மெல்லிய நரம்பை வீரமாக நினைப்பது

குறைந்த பலமுள்ள தூண்டில் நரம்பில் ஒரு மணி நேரம் போராடிப் பெரிய மீனைக் கரைசேர்த்ததைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் மீனின் தசைகளில் சேரும் அமிலம், அதை விட்ட பிறகும் கொல்லக்கூடும். விடப்போகிற மீனுக்குக் கனமான நரம்பு போட்டு விரைவாக இழுப்பதே மரியாதை. மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டி, முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீளும் சிறு கொம்பையும் இடுக்கியால் நசுக்கிவிட்டால், முள்ளை எடுக்க ஐந்து வினாடி போதும்.

எதுவானாலும் விட்டே தீர வேண்டும் என்ற பிடிவாதம்

செவுள் கிழிந்து இரத்தம் கொட்டும் மீனை விடுவது அதற்குச் செய்யும் நன்மை அல்ல. பெரியதாக இருந்தாலும், சட்டம் தடுக்காத இனமாக இருந்தால், அதைக் கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளை விழுங்கியிருந்து இரத்தம் வரவில்லை என்றால் தோண்டாமல், வாயருகே நரம்பை வெட்டிவிடுவது மேல். ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்பட்ட களவாவின் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்கும். அப்படியே விட்டால் மேலேயே மிதந்து கழுகுக்கு இரையாகும். எடை கட்டி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி இல்லையென்றால் ஆழ்கடல் களவாவை விடுவதற்காகப் பிடிக்கவே வேண்டாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திரும்ப ஏரியில் விடுவது

விடாதீர்கள். அது வெளியிலிருந்து வந்து நம் ஏரி மீன்களைத் தின்றழிக்கும் இனம்.

அளவை எழுதி வைக்காதது

கர்நாடகக் காவிரியில் கலிபோர் தூண்டில் முகாமில் மகசீர் என்னும் ஆற்றுமீனைப் பிடித்துத் திரும்ப விட்டவர்களின் பதிவேடுகள் 1998 முதல் 2012 வரை இருந்தன. அவற்றை ஆராய்ந்தபோதுதான், பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தாலும், காவிரிக்கே உரிய பெரிய திமில் மகசீர் அருகிவருவதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் அதன் இடத்தைப் பிடித்துவிட்டதும் தெரியவந்தது. 2018-இல் திமில் மகசீர் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஏடுகள் இல்லாவிட்டால், நிறைய மீன் இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். எடை போட மீனைத் தூக்க வேண்டியதும் இல்லை: சுற்றளவை அதனாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால், அங்குலக் கணக்கு ஏறக்குறைய பவுண்டில் கிடைத்துவிடும். என் கொடுவாவுக்கு இப்படிப் பார்த்தால் 22 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 10 கிலோ.

விடும்போது முன்னும் பின்னும் ஆட்டுவது

பின்னுக்கு இழுத்தால் செவுளுக்குள் நீர் தவறான திசையில் பாயும். ஓட்டத்துக்கு எதிர்முகமாக மீனை நிமிர்த்திப் பிடித்து, அசையாமல் இருந்தால் போதும். செவுள் மூடியின் விளிம்பு சவரத் தகடு போன்றது, அங்கே விரலைக் கொண்டுபோகாதீர்கள். கீழ்த்தாடையில் கட்டைவிரலை வைத்து மெதுவாகப் பிடியுங்கள். சில நேரம் ஒரு நிமிடம், சில நேரம் ஐந்து நிமிடம் ஆகும். தெம்பு திரும்பியதும் கொடுவா உங்கள் விரலை அரம் போன்ற பல்லால் கடித்து வாலை ஓங்கி ஒரு வீசு வீசும், முகமெல்லாம் உப்புத் தண்ணீர் தெறிக்கும். அப்போது கையை எடுத்துவிடலாம்.