நைல் கப்பலில் ஒரு நாள்: எட்ஃபுவிலும் கோம் ஓம்போவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்தின் லக்சரிலிருந்து அஸ்வான் போகும் நைல் கப்பல்களில் பெரும்பாலானவை ஒரே நாளில் இரண்டு கோயில்களைக் காட்டிவிடுகின்றன. காலையில் எட்ஃபு, மாலையில் கோம் ஓம்போ. இடையே சுமார் 65 கி.மீ. தூரம். ஒவ்வொரு கோயிலிலும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதில் பாதியைத் தவிர்க்கக்கூடிய தவறுகளிலேயே பலர் தொலைத்துவிடுகிறார்கள்.

கரையேறும்போதே முதல் குழப்பம். துறையில் இடம் போதாமல் கப்பல்களைப் பக்கவாட்டில் ஒன்றோடு ஒன்றாகக் கட்டிவைப்பார்கள். மற்றக் கப்பல்களின் வரவேற்பறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். திரும்பி வருவதற்குள் வரிசை மாறியும் இருக்கலாம். உங்கள் கப்பலின் பெயரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறைத் திரையையும் மூடிவிட்டுப் போங்கள். பக்கத்துக் கப்பலின் சன்னல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

எட்ஃபு துறையிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டி. பேசாமல் ஏறுவதுதான் இங்கே பெரிய தவறு. கட்டணம் வண்டிக்கா, தலைக்கா? போவதற்கு மட்டுமா, போய்வரவா? எகிப்து பவுண்டா, டாலரா? மூன்றையும் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, துறைக்குத் திரும்பி இறங்கிய பிறகே பணம் கொடுங்கள். முன்கூட்டியே முழுத்தொகையும் கைக்கு வந்துவிட்டால் வண்டிக்காரர் அடுத்த சவாரியைத் தேடிப் போய்விடலாம். கப்பல் கட்டணத்திலேயே வண்டியும் சேர்ந்திருக்கிறதா என்று முந்தைய இரவே வழிகாட்டியிடம் கேட்பது நல்லது. குதிரை எலும்பும் தோலுமாக நின்றால் ஏறாதீர்கள். எகிப்திலும் ஆட்டோக்கள் ஓடுகின்றன.

கோயில் என்றதும் செருப்பைக் கழற்றத் தோன்றும். இங்கே வழிபாடு நின்று பல நூற்றாண்டுகள் ஆகின்றன. மணலும் தேய்ந்த படிகளுமாக இருப்பதால் மூடிய காலணியே சரி. குளிர்காலத்தில் விடியற்காலை நன்றாகக் குளிரும், பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். கழற்றி வைக்கக்கூடிய மேலாடை வேண்டும். கழிப்பறைக்கும் அன்பளிப்புக்கும் சில்லறை நோட்டு தனியாக இருக்கட்டும். தூணருகே நின்று சைகை காட்டிக் கூப்பிடுபவர் பின்னால் போனால் அவரும் கையை நீட்டுவார்.

பருந்துத் தெய்வம் ஹோரஸுக்கான எட்ஃபு கோயிலை கி.மு. 237-இல் எகிப்து மன்னர் மூன்றாம் தாலமி தொடங்கினார். வேலை முடிந்தது கி.மு. 57-இல். சுமார் 36 மீட்டர் உயர முகப்பையும் கருங்கல் பருந்தையும் படம் எடுக்கும் கூட்டம் முற்றத்திலேயே தேங்கிவிடும். அங்கே நிற்காமல் நேரே கருவறைக்குப் போங்கள். அங்குள்ள ஒற்றைக்கல் மாடம் இரண்டாம் நெக்டனெபோ மன்னர் காலத்தது, கோயிலைவிடப் பழையது. அடுத்து, கோயிலுக்கும் மதிலுக்கும் நடுவே ஓடும் திறந்த நடைபாதை. மேற்கு மதிலின் உட்புறத்தில் நீர்யானை வடிவில் வரும் எதிரித் தெய்வம் சேத்தை ஹோரஸ் ஈட்டியால் குத்தும் காட்சிகள் வரிசையாக உள்ளன. கோயிலின் சிறந்த பகுதி இதுதான் என்பது எங்கள் கருத்து. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். பருந்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மதியம் கப்பல் நகரும்போது மேல்தளத்திலேயே கிடப்பது வேண்டாம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தெரியாமல் சுடும். மாலைக்கு வேண்டிய தெம்பு அங்கேயே போய்விடும்.

கோம் ஓம்போ ஆற்றங்கரையிலேயே இருப்பதால் வண்டி தேவையில்லை. இது இரட்டைக் கோயில்: வலப்பாதி முதலைத் தெய்வம் சோபெக்குக்கு, இடப்பாதி மூத்த ஹோரஸுக்கு. வாசலும் கருவறையும் இரண்டிரண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பக்கமாகவே போய்த் திரும்புபவர்கள் உண்டு. பின்பக்க வெளிமதிலின் உட்புறத்தில் கத்தி, இடுக்கி போன்ற கருவிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகள் என்று வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்வார்கள். சடங்குப் பொருள்களாக இருக்கலாம் என்ற கருத்தும் ஆய்வாளர்களிடம் உண்டு. இருட்டிய பின் விளக்கொளியில் சிற்பங்களின் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும், ஆனால் தரை தெரியாது. கைபேசி விளக்கோடு நடங்கள். நைல் வெள்ளத்தை அளந்த கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, முதலை மம்மி அருங்காட்சியகத்துக்குக் கடைசி இருபது நிமிடத்தையாவது ஒதுக்குங்கள்.

இதே கப்பல் பிலே கோயிலிலும் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைத்துவிடாதீர்கள். 1902-இல் கட்டி முடித்த பழைய அணை குறுக்கே நிற்பதால் கப்பல் அஸ்வானோடு நின்றுவிடும். அங்கிருந்து சாலைவழியாகப் படகுத்துறைக்குப் போய், மோட்டார் படகில் கோயில் இருக்கும் அகில்கியா தீவை அடைய வேண்டும். படகுக்காரரிடம் திரும்பும் நேரத்தையும் சேர்த்தே பேசுங்கள்.